741 வாரமும் 30 பவுண்டும்

கேள்வி: எழுபதுகளை அடையாளம் காட்டும் ராக் ஆல்பம் பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்கிறேன் நான். என் மைத்துனர் ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' என்று ஒரே பிடியாக நிற்கிறார். விற்பனையை வைத்துப் பார்த்தால் யார் சொல்வது சரி? வீட்டில் இரண்டு ரெக்கார்டுமே இருக்கின்றன.
- ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: விற்பனையை வைத்தா? செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா ஐயா? நம் காரைக்குடி ஏ.வி. மெய்யப்ப செட்டியார் படம் எடுக்க வருவதற்கு முன்பே இசைத்தட்டு விற்றவர். சரக்கு விற்பது வேறு, நிற்பது வேறு என்று கடை வைத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, கணக்கையே பார்ப்போம். 1977இல் வந்த 'ரூமர்ஸ்' அமெரிக்கப் பட்டியலில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. 1973இல் வந்த 'டார்க் சைட்' முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் அதே பட்டியலின் இருநூறு இடங்களுக்குள் 1988 வரை மொத்தம் 741 வாரம் இருந்தது. உலகம் முழுக்க இரண்டுமே நாலு கோடிக்கு மேல் விற்றிருக்கின்றன என்கிறார்கள். இதில் உங்கள் மைத்துனரும் ஜெயித்தார், நீங்களும் ஜெயித்தீர்கள். விற்பனைக் கணக்கு எப்போதுமே இப்படித்தான், கேட்பவருக்குத் தகுந்த பதிலைக் கொடுக்கும்.

விற்பனைக் கணக்கில் ஏறாத காதுகளும் இருக்கின்றன. 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. திரைக்கதை, பாட்டு இரண்டும் பஞ்சு அருணாசலம், நம் சிறுகூடல்பட்டிக்காரர். இளையராஜாவைத் திரைக்குக் கொண்டுவந்த படம். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மைக்செட்காரர் அந்த ஒரு தட்டைப் போட்டால் குழாய் வழியாகச் சுற்றிலும் நாலு ஊருக்குக் கேட்கும். தட்டு விற்றது ஒன்று; கேட்டவர்கள் எத்தனை ஆயிரம்? எந்தக் கம்பெனிப் பேரேட்டில் அது வரவு வைக்கப்பட்டது? எழுபதுகளில் நம் பக்கத்துக்கு அடையாளம் எது என்று கேட்டால், 'அன்னக்கிளி' என்று யோசிக்காமல் சொல்வேன்.

நீங்கள் கேட்டது ராக். அதில் என் ஓட்டு 'டார்க் சைட்'டுக்கு. காரணம் விற்பனை அல்ல, ஸ்டுடியோவில் பாட்டைப் பதிவு செய்யும் ஒலிநாடா. ஒரு பத்தாண்டுக்கு ஓர் ஆல்பம் அடையாளமாக இருக்க வேண்டுமென்றால், அதை வேறு பத்தாண்டில் செய்திருக்க முடியாது என்று காட்ட வேண்டும். 'ரூமர்ஸ்' அருமையான ஆல்பம். ஒரே குழுவுக்குள் இரண்டு ஜோடிகள் பிரிந்துகொண்டே சேர்ந்து பாடிய பாட்டுகள். ஆனால் பிரிவு எந்தக் காலத்திலும் உண்டு, அதைப் பாடிய நல்ல பாட்டும் எந்தக் காலத்திலும் உண்டு.

'டார்க் சைட்'டின் இரண்டாம் பக்கம் 'மணி' என்ற பாட்டில் தொடங்குகிறது. முள்ளை வைத்ததும் கல்லாப்பெட்டிச் சத்தம், காசு உருளும் சத்தம், காகிதம் கிழியும் சத்தம். பிங்க் ஃப்ளாய்டில் ஒருவரான ரோஜர் வாட்டர்ஸின் அப்போதைய மனைவி மண்பாண்டம் செய்பவர். அவர் களிமண் பிசையும் பாத்திரத்தில் காசைப் போட்டுத்தான் வாட்டர்ஸ் அந்த ஒலியைப் பதிவு செய்தார். பிறகு ஒவ்வொரு சத்தத்துக்கும் நாடாவை அளவுகோல் வைத்து அளந்து, வெட்டி, ஒட்டி, வளையமாக்கிச் சுழல விட்டார்கள். ஏழு எண்ணிக்கையில் போகும் தாளம் அந்த ஒட்டுகளிலிருந்துதான் பிறக்கிறது. பீட்டில்ஸ் 1967இல் 'சார்ஜன்ட் பெப்பர்'ஸுக்கு நாலு தட நாடா இயந்திரங்களோடு மல்லுக்கட்டினார்கள். பிற்பாடு கம்ப்யூட்டர் வந்து இதையெல்லாம் ஒரு பொத்தானில் முடித்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில், ஸ்டுடியோவில் வசதியும் இருந்து கையால் செய்யும் உழைப்பும் இருந்த காலம் அது. அந்தக் காலம் அப்படியே அந்தத் தட்டில் இருக்கிறது.

விற்பனை என்ற பேச்சை எடுத்துவிட்டீர்கள், அதனால் இன்னொரு கணக்கையும் சொல்லாமல் விடமாட்டேன். முதல் பக்கத்தின் கடைசியில் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' வருகிறது. அதில் ஒரு பெண் குரல், ஒரு சொல்கூட இல்லாமல், அழுது அரற்றி அடங்குகிறது. கிளேர் டாரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தார்கள். மெட்டும் இல்லை, வரியும் இல்லை, அவராகத்தான் பாடினார். கூலி 30 பவுண்டு, அதுவும் ஞாயிறு என்பதால் இரட்டிப்பு. கோடிக்கணக்கில் விற்ற ஆல்பம் அது. 2004இல் அவர் வழக்குப் போட்டார். மறு ஆண்டு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வாகி, அதற்குப் பிறகுதான் அந்தக் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டோடு கிளேர் டாரி பெயரும் இசையமைப்பில் சேர்ந்தது. முப்பத்திரண்டு வருஷம்!

இந்தக் கேள்வி-பதில் பக்கத்தில் நான் பல தடவை சண்டை போட்டிருக்கும் விஷயம் இதுதான். பாடியவர் பெயரைப் போடுங்கள்! 1949இல் 'மஹால்' படத்தின் 'ஆயேகா ஆனேவாலா' ரெக்கார்டில் பாடகி பெயர் காமினி என்று அச்சானது. காமினி என்பது கதாபாத்திரம். பாடியவர் லதா மங்கேஷ்கர். நம் செட்டியார் 1945இல் எடுத்த 'ஸ்ரீவள்ளி'யில் வள்ளியாக நடித்த ருக்மணியை எல்லோருக்கும் தெரியும். அந்த வள்ளிக்குக் குரல் கொடுத்த பி.ஏ. பெரியநாயகியை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்?

இதை மேலும் கெடுப்பது இப்போது வந்திருக்கும் ரெக்கார்டு அட்டை வியாபாரம். பங்களா வீடுகளில் இருந்து வெளியேறும் ரெக்கார்டுகளைக் காரைக்குடியில் பழம்பொருள் வாங்குகிறவர்கள் சிலர், அட்டையை மட்டும் உருவிச் சட்டம் போட்டு விற்கிறார்கள். ஹோட்டல் சுவருக்கு அழகாம். உள்ளே இருந்த தட்டு மூலையில் சாய்ந்து, வெயிலில் நெளிந்து கிடக்கிறது. எழுதியவர், வாசித்தவர், பாடியவர் பெயரெல்லாம் பெரும்பாலும் அட்டையின் பின்பக்கத்தில்தான் இருக்கும். அதைச் சட்டத்துக்குள் திருப்பி ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இதை எழுதினால் "அட்டைக்குத்தானே காசு, தட்டு கீறல்" என்று பதில் வருகிறது. கீறல் விழுந்த தட்டும் பாடும். அட்டை பாடாது.

ஆகவே மைத்துனரோடு வழக்கை இத்தோடு முடித்துவிட்டு, உங்கள் வீட்டு 'டார்க் சைட்'டை எடுங்கள். பழைய தட்டாக இருந்தால், முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு இசையமைத்தவர் என்று ரைட் பெயர் மட்டும்தான் இருக்கும். பக்கத்திலேயே, அட்டையில் மை பட்டாலும் பரவாயில்லை, கிளேர் டாரி என்று எழுதிவிடுங்கள்.