"நல்லா இருக்கு" என்றார்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வசதி குறைந்த சமூகங்களின் வளர்ச்சிக்குத் தகவல் தொழில்நுட்பம் எப்படி உதவும் என்பதில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது இரண்டாம் ஆண்டு. சிறு விவசாயிகளுக்காக ஒரு செயலி செய்தோம். விதை, பூச்சி மருந்து பற்றி அதில் கேள்வி கேட்டால் பதில் வரும். களத்துக்குப் போய் நாற்பது பேரிடம் காட்டினோம். முப்பத்தெட்டுப் பேர் மிக நன்றாக இருக்கிறது என்றார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்று போன்களில் மட்டும்தான் செயலி திறக்கப்படுகிறது. பயனாளிகளுக்குப் படிப்பறிவு குறைவு என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் இனி எல்லாம் பேச்சிலேயே நடக்கும் என்கிறார்கள். நான் இந்தத் தலைப்பை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடலாமா? இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா? மனசு ரொம்பச் சோர்ந்திருக்கிறது.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். "முப்பத்தெட்டுப் பேர் மிக நன்றாக இருக்கிறது என்றார்கள்" என்ற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. சில மாதங்களாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்ததை நீங்கள் உங்களுக்கே தெரியாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் மற்றதைப் பேசலாம். பயனாளிகளுக்குப் படிப்பறிவு குறைவு என்கிறீர்கள். இந்த நான்கு மாதத்தில் அவர்களில் ஒருவரிடமாவது போய் "ஏன் தொடவில்லை" என்று கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. சர்வரில் எண்ணிக்கையைப் பார்த்தீர்கள், காரணத்தை உங்கள் அறையில் உட்கார்ந்தபடியே முடிவு செய்துவிட்டீர்கள். படிப்பு இல்லாதவர்கள் என்று சொல்லிவிட்டால் செயலியின் மேலும் பழி இல்லை, நம் மேலும் பழி இல்லை. தம்பி, இது சோம்பேறித்தனம். செல்போன் வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசா சேவை கென்யாவில் 2007இல் வந்தபோது அது சாதாரண பட்டன் போனில் வெறும் எழுத்து மெனுதான். தூரத்தில் இருக்கும் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது, அதனால் வந்தார்கள். தெரியாதவர்கள் தெரிந்தவரைக் கேட்டுக்கொண்டார்கள். தேவை இருக்கும் இடத்தில் படிப்பு இல்லாதது ஒரு தடைதான், சுவர் அல்ல.

சரி, இப்போது அந்த முப்பத்தெட்டுப் பேர்.

2012இல் வெளிவந்த ஓர் ஆய்வை உங்கள் துறையில் யாரும் உங்களுக்குத் தரவில்லையா? நிக்கோலா டெல்லும் அவருடைய சக ஆய்வாளர்களும் பெங்களூரில் 450 நேர்காணல்கள் நடத்தினார்கள். எந்த வித்தியாசமும் இல்லாத இரண்டு தொழில்நுட்பக் கருவிகளைக் காட்டி, இதில் ஒன்று நாங்கள் செய்தது என்று தெரியும்படி வைத்து, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டும் ஒன்றேதான். ஆனால் கேட்பவர் செய்தது என்று நம்பியதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. கேட்பவர் வெளிநாட்டு ஆய்வாளராக இருந்து, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர் இருந்தால் அது ஐந்து மடங்கானது. உங்கள் முப்பத்தெட்டை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள்தான் செய்தீர்கள், நீங்கள்தான் போனீர்கள், நீங்கள்தான் கேட்டீர்கள். வேறு என்ன பதில் வரும்?

அந்த ஐந்து மடங்கு என்ற இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன், ஏனென்றால் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்த ஆள் நான்தான். அந்த ஆய்வில் அல்ல, அதற்குச் சில வருடம் முன்னால், வேறோர் இடத்தில், வேறொரு குழுவோடு. எனக்கு அப்போது வேலை தேவைப்பட்டது. வயலில் கூலி வேலை செய்யும் பெண்களுக்குத் தொடுதிரை போன் ஒன்றைக் கொடுத்து, அதில் இருந்த படங்களைத் தொட்டுத் தகவல் கேட்கிறார்களா என்று பார்ப்பதுதான் சோதனை. ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். படத்தைத் தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தித் தொட்டார். விரலைத் துணியில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். நுனியெல்லாம் காய்த்து, வெடித்து, மரப்பட்டை மாதிரி இருந்த விரல். காய்ந்து தடித்த தோலை அந்தத் திரை பல நேரம் உணர்வதே இல்லை என்பது எனக்கு அன்று தெரியாது. அவருக்கும் தெரியாது. தன் விரலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அதை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். பிறகு மிகச் சாதாரணமாக, பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணிடம் "நீ பாரும்மா" என்று போனை நீட்டிவிட்டார். அந்தப் பெண் தொட்டாள், எல்லாம் வேலை செய்தது.

கடைசியில் மதிப்பெண் வாங்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்காக ஐந்து முகங்கள் வரைந்த ஒரு தாள், அழுகிற முகத்தில் தொடங்கி வாய் நிறையச் சிரிக்கிற முகம் வரைக்கும். தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் அந்த ஐந்து முகங்களைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வாய் நிறையச் சிரிக்கிற முகத்தின் மேல் விரலை வைத்தார். "நல்லா இருக்கும்மா" என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன், ஐந்துக்கு ஐந்து என்று எழுதினேன். விரல் மடங்கியதைப் பார்த்திருந்தேன். எழுதுவதற்குத் தாளில் இடம் இல்லை, எனக்கும் தைரியம் இல்லை. அந்த ஐந்து எங்கோ ஒரு சராசரிக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், மக்கள் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. நாம் தூரத்தில் இருந்து வந்திருக்கிறோம், கையில் ஏதோ செய்து எடுத்து வந்திருக்கிறோம், முகத்தில் எதிர்பார்ப்பு தெரிகிறது, அதை உடைக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. அதோடு, இன்று இவர்களை வருத்தப்படுத்திவிட்டால் நாளைக்கு உண்மையிலேயே உதவக்கூடிய ஏதாவது வரும்போது தங்கள் பேர் விட்டுப்போகுமோ என்ற பயமும் உண்டு. இரண்டும் நியாயமானவை. அந்த மரியாதையை ஆய்வு முடிவு என்று எழுதுவது நம் தப்பு.

குஜராத்தில் விவசாயிகளுக்காகக் குரல் வழித் தகவல் சேவை நடத்திய நீல் பட்டேல் குழுவினர், ஒரே மாதிரி குறிப்புகளைச் சிலருக்கு விஞ்ஞானியின் குரலிலும் சிலருக்குச் சக விவசாயியின் குரலிலும் அனுப்பிப் பார்த்தார்கள். நேரில் கேட்டால் விஞ்ஞானி சொன்னால்தான் நல்லது என்றார்கள். ஆனால் மேலும் தெரிந்துகொள்ளத் திரும்ப அழைத்தது சக விவசாயி பேசிய குறிப்புக்குத்தான் அதிகம். வாய் ஒன்று சொல்லியது, கை வேறு எண்ணைப் போட்டது.

ராபர்ட் ஜென்சன் கேரளக் கடற்கரைக்கு 1997இல் செல்போன் வந்ததைப் பற்றி எழுதிய ஆய்வையும் இந்தக் கண்ணோடு ஒரு தடவை படியுங்கள். போன் பிடித்திருக்கிறதா என்று அவர் மீனவர்களிடம் வாக்கு வாங்கவில்லை. எந்தக் கரையில் மத்தி என்ன விலை போனது, வாங்க ஆளில்லாமல் எவ்வளவு வீணானது என்று வாரா வாரம் கணக்கெடுத்தார். முன்பு பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வீணாகிக்கொண்டிருந்தது, போன் வந்த பிறகு அது கிட்டத்தட்ட நின்றே போனது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. யாரும் அவர்களுக்கென்று செயலி செய்து கொடுக்கவில்லை. படகில் இருந்தபடி கரைக்குப் போன் போட்டு விலை கேட்டார்கள், அவ்வளவுதான்.

உங்கள் செயலி தோற்றுவிட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். மூன்று போன் என்கிறீர்களே, அந்த மூன்று யாருடையவை? இதைக் கேட்காமல் எப்படித் தம்பி தூங்குகிறீர்கள்? இந்த மாதிரி இடங்களில் ஒரு போன் என்றால் ஓர் ஆள் என்று எப்படி எண்ண முடியும்? படிக்கத் தெரிந்த மகள், பக்கத்து வீட்டுப் பையன், கடை வைத்திருப்பவர் என்று யாரோ ஒருவர் மற்றவர்களுக்காகத் தேடிச் சொல்வார். நித்யா சாம்பசிவனும் மற்றவர்களும் 2010இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். போனைத் தொடாமலே அதன் பலனை எடுத்துக்கொள்கிறவர்கள் எவ்வளவு பேர், நடுவில் இருக்கிறவர் எப்படியெல்லாம் உதவுகிறார் என்று. சர்வருக்குத் தெரிவது நடுவில் இருக்கிற அந்த ஒருவரை மட்டும்தான். உங்கள் மூன்று போன்களுக்குப் பின்னால் முப்பது பேர் இருக்கலாம். மூன்றுமே உங்கள் களப் பணியாளர்களின் போன்களாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் தலைப்பை மாற்றினால், எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரியாமலே போகிறீர்கள்.

இன்னொன்றும் மனசில் உறுத்துகிறது. நீங்கள் வேறு தலைப்புக்குப் போய்விட்டால் அந்த நாற்பது பேரிடம் யார் சொல்வது? உகாண்டாவில் 2012இல் அரசே தலையிட்டு, ஒன்றோடொன்று சேராத மின்னணுச் சுகாதாரத் துறையின் முன்னோட்டத் திட்டங்கள் போதும், இனி கேட்காமல் தொடங்காதீர்கள் என்று நிறுத்தி வைத்தது. திட்டம் நடத்துகிறவர்கள் வருவார்கள், காட்டுவார்கள், கேட்பார்கள், நிதி முடிந்ததும் போய்விடுவார்கள். கொடுத்துவிட்டுப் போன போன் எண்ணில் இனி யாரும் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லக்கூட ஒருவரும் திரும்பி வருவதில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேசினால் பேச்சிலேயே பதில் வருவது நல்லதுதான். ஆனால் அதையும் கொண்டுபோய்க் காட்டி "எப்படி இருக்கிறது" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள்.

எதிர்காலம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லப் போவதில்லை. சோர்ந்துபோனேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பிடித்த வரி. முப்பத்தெட்டை வைத்துக் கட்டுரை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம், நீங்கள் நான்கு மாதம் கழித்து மறுபடி பார்த்தீர்கள். அப்படிப் பார்க்கிறவர்கள் குறைவு.

அதனால் போய்விட்டு வாருங்கள். இந்த முறை செயலியைப் பற்றி முதலில் பேச்சை எடுக்காதீர்கள். முடிந்தால் அதைச் செய்ததில் சம்பந்தமே இல்லாத ஒருவரைக் கேட்க வையுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காமல், கடைசியாகப் பயிரில் ஒரு சந்தேகம் வந்தபோது யாரைக் கேட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கடைசியில், பக்கத்து வீட்டாருக்குச் செயலியைச் சொல்லிக்கொடுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, வாய் மூடி உட்கார்ந்து கைகளைப் பாருங்கள்.

அந்த அம்மாவை நான் ஒன்றரை வருடம் கழித்து மறுபடி பார்த்தேன், வேறு வேலையாகப் போனபோது. கையில் தாள் இல்லை, குழு இல்லை. உட்கார்ந்து ரொம்ப நேரம் எதையோ பேசிவிட்டு, அவராகவே சொன்னார். "அன்னைக்கு அந்தப் போன் என் கைக்கு வேலையே செய்யலம்மா. நீங்க அவ்வளவு தூரம் வந்திருந்தீங்க, எப்படிச் சொல்றது?"

அந்த மூன்று போன்களும் யாருடையவை என்று தெரிந்ததும் எழுதுங்கள். தலைப்பு பற்றி அப்போது பேசுவோம்.

அன்புடன்,
அக்கா