சர்வர் கிளஸ்டர் என்றால் என்ன? ஒரே பெரிய கணினி போதாதா?

பல கணினிகளை நெட்வொர்க்கில் கோத்து, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே சர்வர் (மற்ற கணினிகள் கேட்பதை எடுத்துக்கொடுக்கும் கணினி) போல வேலை செய்ய வைப்பதுதான் கிளஸ்டர்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் எந்தக் கணினியும் ஒருநாள் படுத்துவிடும். தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். இரண்டு கயிறு, ஒவ்வொன்றிலும் ஆட்கள் வரிசை. ஒருவர் பீடி பற்றவைக்க ஒதுங்கினாலும் வலை நிற்காது; ஆள் கூடினால் சீக்கிரம் கரையேறும்.

நம்பகத்தன்மைக்கான கிளஸ்டரில் கணினிகள் ‘இருக்கிறேன்’ என்று ஒன்றுக்கொன்று விடாமல் சிக்னல் அனுப்பும். ஒன்று ஓய்ந்தால் அதன் வேலையை இன்னொன்று எடுத்துக்கொள்ளும். வம்பே இங்கேதான். நடுவிலுள்ள கேபிள் மட்டும் அறுந்தால், இரண்டு பக்கமும் ‘இனி நான்தான் பொறுப்பு’ என்று ஒரே தரவில் எழுதி நாசமாக்கிவிடும். அதனால்தான் மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் வைத்து, பெரும்பான்மை உள்ள பக்கத்தை மட்டும் இயங்க விடுகிறார்கள்.

வேகத்துக்கான கிளஸ்டர் பெரிய கணக்கைத் துண்டாக்கிப் பங்கிடும். 1994-ல் நாசாவில் ‘486’ ரகச் சிப் கொண்ட 16 சாதாரண கணினிகளை இணைத்துக் கட்டிய பியோவுல்ஃப் பேர்போன முன்னோடி. (ஒரு படி முடிந்தால்தான் அடுத்தது என்கிற கணக்குக்கு இது உதவாது.)

கிளஸ்டர் இருந்தால் பேக்கப் (தனியாக எடுத்துவைக்கும் பழைய நகல்) தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அந்த அழிப்பும் உடனே கிளஸ்டரில் உள்ள எல்லா நகலுக்கும் போய்ச் சேரும்.