‘கிளாரிஃபை’ என்றால் என்ன? சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: எக்ஸ்பிளெயின் என்றாலும் விளக்குவது, கிளாரிஃபை என்றாலும் விளக்குவது. என்ன வித்தியாசம் சார்?

தெரியாததைச் சொல்லிக்கொடுப்பது எக்ஸ்பிளெயின். ஏற்கெனவே சொன்னது குழம்பிக் கிடந்தால் அதைச் சரிசெய்வது கிளாரிஃபை. வாத்தியார் பாடம் நடத்துவது முதல் வகை. “பத்தாம் தேதி பரீட்சை என்றீர்களே, காலையிலா மதியமா?” என்று கேட்டதும் அவர் சொல்லும் பதில் இரண்டாவது வகை. வேர்ச்சொல்லும் வேறு. எக்ஸ்பிளெயின் வந்தது ‘சமதளம்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து, மேடுபள்ளத்தை நிரவுவதுபோல. கிளாரிஃபைக்கு வேர் ‘கிளாருஸ்’: தெளிவான, ஒளியுள்ள, புகழ்பெற்ற.

கேள்வி: ‘புகழ்பெற்ற’ என்ற பொருள் ஆங்கிலத்திலும் இருந்ததா?

இருந்தது. இந்தச் சொல்லில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் விக்லிஃப் பெயரால் வழங்கும் ஆங்கில பைபிள் வந்தது. லத்தீன் பைபிளைப் பார்த்துச் செய்த மொழிபெயர்ப்பு அது. யோவான் 12:28இல் லத்தீனில் ‘கிளாரிஃபிக்கா’ என்று இருந்ததை அப்படியே எடுத்து, “பிதாவே, உம் பெயரை கிளாரிஃபை செய்யும்” என்று எழுதினார்கள். இன்றைய வாசகர் அதைப் பார்த்தால், கடவுளிடம் பெயர் விளக்கம் கேட்கிறார்கள் என்றுதான் நினைப்பார்! 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அந்த இடத்தில் ‘குளோரிஃபை’ இருக்கிறது. தமிழ் பைபிளில் ‘மகிமைப்படுத்தும்’. கிளாரிஃபையின் அந்தப் பழைய பொருள் வழக்கிலிருந்து போயே போய்விட்டது.

கேள்வி: கிளாரினெட்டுக்கும் இதற்கும் உறவு உண்டா?

உண்டு, அதே கிளாருஸ்தான். டிக்ளேர் என்ற சொல்லும் அதே குடும்பம்.

கேள்வி: கிளாரிஃபைட் பட்டர் என்று சமையல் குறிப்பில் வருகிறதே, நம் நெய்தானா?

கிட்டத்தட்ட. வெண்ணெயை உருக்கி, நுரையை எடுத்துவிட்டு, அடியில் தங்கிய பால் கசடைக் கலக்காமல் மேலே உள்ளதை வடித்தால் அது கிளாரிஃபைட் பட்டர். நாம் அதோடு நிறுத்துவதில்லை. கசடு பொன்னிறமாகி, சடசடப்பு அடங்கி, வீடெல்லாம் மணக்கும்வரை காய்ச்சுகிறோம். அந்த மணம்தான் நெய். சூப்பை இப்படித் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவைச் சேர்ப்பார்கள். அது வேகும்போது தூளையெல்லாம் பிடித்துக்கொண்டு மேலே மிதக்கும்.

கேள்வி: ஆபீஸ் மெயிலில் ‘ஐ வாண்ட் டு கிளாரிஃபை எ டவுட்’ என்று எழுதுகிறேன். தப்பா?

நம் ஊருக்குள் யாருக்கும் குழப்பம் வராது. வெளிநாட்டுக்காரருக்கு எழுதும்போது மாற்றிவிடுங்கள். கிளாரிஃபை செய்பவர் பதில் சொல்பவர். கேட்கிற நீங்கள் அல்ல. அப்புறம், ‘டவுட்’ என்றால் அவர்களுக்கு நம்பிக்கையின்மை. நமக்கோ ‘சந்தேகம்’ என்ற ஒரே சொல் கேள்விக்கும் அவநம்பிக்கைக்கும் போதும். அதைத்தான் ஆங்கிலத்தில் அப்படியே போடுகிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘உங்கள் அறிக்கையில் எனக்கு ஒரு டவுட்’ என்று எழுதி, எதிர்முனையில் இருந்தவர் மனம் நொந்துவிட்டார். ‘குட் யூ கிளாரிஃபை திஸ் பாயின்ட்’ என்றால் போதும்.

கேள்வி: தமிழில் இதற்குச் சரியான சொல் எது? விளக்குவதா, தெளிவுபடுத்துவதா?

குழப்பத்தை நீக்குவது என்ற பொருளுக்குத் ‘தெளிவுபடுத்து’தான் என் தேர்வு. ஆனால் ‘விளக்கு’ம் லேசுப்பட்ட சொல் அல்ல. பாத்திரம் விளக்குகிறோம், பல் விளக்குகிறோம், பொருள் விளக்குகிறோம்; மூன்றிலும் பளிச்சென்று ஆக்குவதுதான் வேலை. ‘தெளி’ நீரிலிருந்து வந்த சொல். பந்தியில் “ரசத்தைக் கலக்காமல் தெளிவா ஊத்துங்க” என்கிறோமே, அந்தத் தெளிவு. ‘தேற்று’ என்றும் ஒரு பழைய சொல் உண்டு, தெளியவைப்பது என்ற பொருளில். தேற்றாங்கொட்டையில் இருப்பது அதுதான். எங்கள் பாட்டி அந்தக் கொட்டையை மண்பானையின் உள்பக்கம் நன்றாக உரைத்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைப்பார். மண்ணெல்லாம் திரண்டு அடியில் தங்கிவிடும். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே ‘கிளியரிங் நட்’.