மாருதி ஜிப்சியில் 4எல் நழுவுகிறது: டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றணுமா?

இப்போதே மாற்றாதீங்க. (டிரான்ஸ்ஃபர் கேஸ்னா இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கிற கியர் பெட்டி; 4எல்னா நாலு சக்கரமும் மெதுவா, அதிக இழுவையோடு ஓடும் கியர்.) மெக்கானிக் முழுப் பெட்டியையும் மாற்றச் சொன்னாலும், ஏற்றத்தில் மட்டும் 4எல் நழுவுதுன்னா என் முதல் சந்தேகம் ரப்பர் மவுண்ட்தான். ஜிப்சியில் அந்தப் பெட்டி கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியா மூணு மவுண்டில் தொங்குது. ரப்பர் வெடிச்சிருந்தா லோடில் பெட்டியே முறுக்கிக்கும், அதில் 4எல் நழுவிடும்.

மவுண்ட் நல்லா இருந்தா ஆயிலை வடிச்சு, காந்தத்தை விட்டுப் பாருங்க. மை மாதிரி சாம்பல் பசை சகஜம். விரலில் குத்துற சில்லு வந்தா கியர் பல் உடைஞ்சிருக்கலாம். புரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டுற பிளேஞ்சை மேலும் கீழும் ஆட்டுங்க, ஆடினா பேரிங் தேய்ஞ்சிருக்கு.

பேரிங், சீல், கியரைப் பிடிச்சு நிறுத்துற லாக் ஸ்பிரிங் வரைக்கும் ரிப்பேரே போதும். பேரிங் உட்காரும் குழியே தேய்ஞ்சிருந்தா மாற்றிடுங்க.

பழைய பெட்டி வாங்கினா கவனம்: 1.0 லிட்டர், 1.3 லிட்டர் வண்டிகளுக்குக் கியர் பல் விகிதம் வேற. மாறிப்போனா ஸ்பீடோமீட்டரும் தப்பாக் காட்டும்.