ஜன்னல் வழியே ஒரு சொல்

வணக்கம் சார்,

பதவி பறிபோன ஒரு கட்சித் தலைவரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் ‘டிஃபெனஸ்ட்ரேஷன்’ என்று எழுதியிருந்தார்கள். அகராதியைப் பார்த்தால் ‘ஒருவரை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிதல்’ என்கிறது. அந்த மனிதரோ மறுநாளே பேட்டி கொடுக்கிறார்! இந்தக் காரியத்துக்கெல்லாம் தனியாக ஒரு சொல் எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எறிந்திருக்கிறார்களே! அதுவும் ஒரே ஊரில், திரும்பத் திரும்ப.

லத்தீனில் ‘ஃபெனெஸ்ட்ரா’ என்றால் ஜன்னல். ஊர், இன்றைய செக் குடியரசின் தலைநகரான பிராக். 1419 ஜூலையில் ஹுஸ் என்ற சமயச் சீர்திருத்தவாதியின் ஆதரவாளர்கள் நகர மன்றத்துக்குள் புகுந்து உறுப்பினர்களை ஜன்னல் வழியே வீசினார்கள். அவர்கள் யாரும் பிழைக்கவில்லை.

ஆனால் சொல்லுக்குப் புகழ் சேர்த்தது 1618 மே 23. தங்கள் வழிபாட்டு உரிமையில் அரசர் தரப்பு கைவைக்கிறது என்று கொதித்த புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் பிராக் கோட்டைக்குள் நுழைந்தார்கள். ஸ்லவாட்டா, மார்டினிட்ஸ் என்ற இரண்டு கத்தோலிக்க ஆளுநர்களை வெளியே தள்ளினார்கள். கூடவே ஃபாப்ரிசியுஸ் என்ற எழுத்தரையும். பாவம், அவர் என்ன செய்தார்! ஏறக்குறைய 20 மீட்டர் உயரம். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். மாதா தாங்கிப் பிடித்தாள் என்றார்கள் கத்தோலிக்கர்கள். குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றார்கள் எதிர்த்தரப்பினர். அந்த எழுத்தருக்குப் பிறகு பிரபுப் பட்டமே கிடைத்தது. பட்டப் பெயர் ‘ஹோஹென்ஃபால்’. ஜெர்மன் மொழியில் ‘உயர்ந்த வீழ்ச்சி’. குறும்புக்கார அரண்மனைதான். இந்தத் தள்ளலில் தொடங்கிய கலகம் முப்பதாண்டுப் போராக வளர்ந்து 1648 வரை ஐரோப்பாவைச் சீரழித்தது தனிக்கதை.

1948 மார்ச்சில் செக்கோஸ்லோவாக்கிய வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக், அதே பிராக்கில் தன் குளியலறை ஜன்னலுக்குக் கீழே இறந்து கிடந்தார். கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. தற்கொலையா, கொலையா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அங்கே இந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது.

சரி, இன்றைய பயன்பாட்டுக்கு வருவோம். பெரும்பாலும் பாதி கிண்டல்தான். விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போடுவதைக்கூட கணினிக்காரர்கள் இப்படிச் சொல்வதுண்டு. அரசியலில், பதவியில் இருப்பவரைத் திடீரென்று தூக்கியடிப்பது. தேர்தலில் தோற்றவருக்கும் வயதாகி ஒதுங்கியவருக்கும் இது பொருந்தாது. அறைக்குள் இருந்தவர்களே சேர்ந்து தள்ளியிருக்க வேண்டும். உங்கள் கட்டுரையின் தலைவரைக் கவிழ்த்தது அவருடைய சகாக்களே என்றால், கட்டுரையாளர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.