மணல் டப்பாவுக்குள் பாதி காற்று

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: பிள்ளைகள் பிடித்துப் பிடித்து உருவம் செய்கிற அந்த ஒட்டு மணல். நீளமான கடிதங்களை வெட்டியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கைனடிக் சாண்ட் கேட்டு மகள் அழுகிறாள். கடையில் விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே செய்யலாமா? (ஒரு அம்மா, காரைக்குடி)

செய்யலாம். ஆனால் கடைச் சரக்கு மாதிரி கையிலிருந்து மெதுவாக வழிகிற மணல் வீட்டில் வராது, இதை முதலிலேயே மகளிடம் சொல்லிவிடுங்கள். கடைச் சரக்கில் நூற்றுக்கு 98 பங்கு நைஸ் மணல், மீதி 2 பங்கு சிலிக்கோன் எண்ணெய். அந்த எண்ணெய் காய்வதே இல்லை, அதனால்தான் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. நம் வீட்டு மணலைப் பிடித்து வைப்பது வெறும் ஈரம், ஈரம் போனால் கதை முடிந்தது.

நாலு டம்ளர் மணல், இரண்டு டம்ளர் கார்ன்ஃப்ளார், தண்ணீர் அதிகம் போனால் ஒரு டம்ளர். தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ஒரு ஸ்பூன் விட்டால் மணல் கொஞ்சம் மெத்தென்று வரும். மணலையும் மாவையும் முதலில் காய்ந்தபடியே கலந்துவிட்டு, அப்புறம் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விரவ வேண்டும். புட்டு மாவுப் பதம்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அவசரப்பட்டு மொத்தத்தையும் ஊற்றினால் சேறுதான் மிஞ்சும். கார்ன்ஃப்ளார் வெள்ளையாக, விரலில் வழுவழுப்பாக இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் அது மக்காச்சோளத்தை முழுசாக அரைத்த மாவு, இதற்கு ஆகாது.

மணலில்தான் வேலை அதிகம். ஆற்று மணலை மாவுச் சல்லடையில் சலித்து, அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, பழைய இருப்புச்சட்டியில் ஈரம் போக வறுத்து, நன்றாக ஆறவிட்டு எடுங்கள். சூட்டோடு மாவைக் கொட்டாதீர்கள். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாளில் புளித்த வாடை வரும், வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஊற்றிச் செய்கிறவர்களும் உண்டு: ஐந்து டம்ளர் மணல், மூன்று டம்ளர் மாவு, ஒரு டம்ளர் எண்ணெய். சீக்கிரம் காயாது. ஆனால் சமையல் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும், கூடவே எறும்பும் வரும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை வீட்டில் இருந்தால் கடலெண்ணெய் பக்கமே போகாதீர்கள். ஆடி முடிந்த மணலைத் தொட்டியில் கழுவி விடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

எதிர்வீட்டில் கட்டட வேலை நடக்கிறது. வாசலில் எம்-சாண்ட் மலையாகக் கிடக்கிறது. நாலு சட்டி அள்ளிக்கொண்டால் என்ன? (தேவகோட்டை)

கேட்காமல் அள்ளுவதைப் பற்றி நான் பேசவில்லை. எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்து அரைத்தது. அதில் இருக்கிற பொடித்தூசி மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆகாது. சிமெண்ட் கலந்திருந்தால் பிள்ளையின் கைத்தோலும் வெந்து போகும். வேண்டாம்.

கோலப்பொடிக் கலரைச் சேர்க்கலாமா? (கோட்டையூர்)

கூடாது. எந்தச் சாயம் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதா, பாருங்கள். கேக்குக்குப் போடுகிற கலர் நாலு சொட்டு தண்ணீரில் விட்டால் போதும், கையில் கொஞ்சம் கறை ஒட்டும்.

சிங்கப்பூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்று 899 ரூபாய்க்கு ஒரு மணல் செட் வாங்கினேன். பெட்டி பெரிது. உள்ளே அரைக் கிலோ மணல், ஐந்து பிளாஸ்டிக் அச்சு. திறந்த அன்றைக்கே மண்ணெண்ணெய் மாதிரி வாடை, கையெல்லாம் பிசுபிசுப்பு. கடைக்காரர் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார். (ஒரு அய்யா, பள்ளத்தூர்)

அய்யா, அந்த வரியை அச்சடித்தவுடன் சட்டம் மாறிவிடாது. பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். பெட்டி, மணல், பில் மூன்றையும் போட்டோ எடுத்து, எழுத்து மூலமாகக் கடைக்கு ஒரு கடிதமோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பேரப்பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பெட்டி விஷயம் எனக்குப் பல நாள் எரிச்சல், கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். மணல் கனமான சரக்கு. ஒரு லிட்டர் பாத்திரம் நிறையக் கொட்டினால் சுமார் ஒன்றரைக் கிலோ நிற்கும். அப்படியானால் அரைக் கிலோ என்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர்தான், காபி டம்ளரில் இரண்டு. அதை வைக்க முழங்கை நீளப் பெட்டி எதற்கு? நடுவில் ஒரு அட்டை மடிப்பு, மேலே ஜன்னல் மாதிரி பிளாஸ்டிக், படத்தில் மூன்றடுக்குக் கோட்டை. அந்தக் கோட்டையைக் கட்ட இன்னும் பத்துப் பெட்டி வாங்க வேண்டும். நிகர எடை எங்கே? அடிப்பக்கம், பார்கோடுக்குக் கீழே, எறும்பு எழுத்தில். எடையும் எம்.ஆர்.பி.யும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. ஆனாலும் கண்ணாடி போட்டுக்கொண்டு, பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துத் தேட வேண்டியிருக்கிறது. எடை குறைவு, எம்.ஆர்.பி.க்கு மேல் விலை, ஸ்டிக்கர் ஒட்டி விலையை மறைப்பது, இதற்கெல்லாம் நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில் எழுதிக் கொடுக்கலாம். பெட்டி பெரிதாக இருப்பதைப் பார்த்துக் கால் பிடித்துவிடும் மெஷின் ஒன்று நானும் வாங்கினேன், இப்போது அதன்மேல் பழைய பேப்பர் அடுக்கியிருக்கிறது.

டப்பாவில் 'நான்-டாக்ஸிக்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. போதாதா? (புதுவயல்)

அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், பிரஸ்ஸில் கேட்டால் தங்க நிறத்திலும் போட்டுத் தருவார்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாட என்று விற்கிற பொருளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை, முத்திரை கொடுக்கிற பி.ஐ.எஸ். அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் தட்டினால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று காட்டும். வேறு பொருள் வந்தால் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பிள்ளைக்கு ஒன்றரை வயசு. மணலைக் கொடுக்கலாமா? வாயில் வைத்தால் என்ன ஆகும்? (குன்றக்குடி)

வாயில் வைக்கும் என்று உங்களுக்கே தெரிகிறது. மூன்று வயசு தாண்டட்டும். அதற்குப் பிறகும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கண்ணில் விழுந்தால் கசக்க விடாமல் நல்ல தண்ணீரால் கழுவி, உறுத்தல் போகாவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

பட்டாலையில் (கூடத்தில்) ஆத்தங்குடி கல் தரை. பிள்ளைகள் மணல் விளையாடி நடு இடம் மங்கிவிட்டது. மணல் விற்றவனைக் கேட்கலாமா? (கானாடுகாத்தான்)

அவர் என்ன செய்வார் பாவம்? மேலே இருக்கிற கலர் சிமெண்ட்டின் மேல் மணலைப் போட்டு இழைத்தால் தேயத்தான் செய்யும். அகலமான எவர்சில்வர் தாம்பாளம், அதற்குக் கீழே பழைய போர்வை, இல்லாவிட்டால் வளவில் (உள்முற்றத்தில்) வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மங்கிய இடத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பாருங்கள். பளபளப்பு ஓரளவு வரும், தேய்ந்த கலர் வராது.

போன மாதம் வாங்கிய மணல் தூளாகிவிட்டது. பில் வாங்கவில்லை. டப்பாவைப் போட்டுவிட்டேன். கடைப் பெயரும் ஞாபகமில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (பெயர் வேண்டாம்)

கிடைக்காது. ஜிபேயில் கொடுத்திருந்தால் அதில் பெயர் இருக்கும், போய்ப் பாருங்கள். பில் தர மறுப்பதே சட்டப்படி தப்பு, ஆனால் நீங்கள் கேட்கவே இல்லையே. பழைய சாமான் கடையில் பில் இல்லாமல் நான் வாங்கிய 'அந்தக் காலத்து' சுவர்க் கடிகாரத்தைத் திறந்தால் உள்ளே பென்சில் பேட்டரி இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டில் செய்த மணலைக் கொட்டானில் (ஓலைக்கூடையில்) போட்டு, கலர் ரிப்பன் கட்டி விற்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் யோசனை? (ஒரு ஆச்சி, காரைக்குடி)

கொட்டானை விற்றுவிடுங்கள் ஆச்சி, மணல் வேண்டாம். பொம்மைச் சரக்காக விற்க ஐ.எஸ்.ஐ. லைசென்ஸ் வேண்டும். பொட்டலத்தில் உங்கள் பெயர், முகவரி, நிகர எடை, விலை, தயாரித்த மாதம், புகார் சொல்ல ஒரு போன் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும். அதெல்லாம் செய்து முடித்தாலும் மூன்றாம் நாள் புளிக்கிற மணலுக்கு அந்த நம்பரில் போன் வந்துகொண்டே இருக்கும்.