புலி இல்லாத ஊரில் புலிப்பட நடை

கேள்வி: ‘லைஃப் ஆஃப் பை’ படத்தைப் பார்த்ததிலிருந்து என் பேத்தி, “புதுச்சேரியில் அந்த இடங்களையெல்லாம் காட்டுங்கள் பாட்டி” என்று ஒரே பிடிவாதம். வழிகாட்டி யாரும் இல்லாமல் நாங்களே நடந்து பார்க்க முடியுமா? எனக்கு முழங்கால் வலி உண்டு.
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமாக முடியும் அம்மா. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பேத்திக்கு அந்த நாவலை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். யான் மார்டெல் 2001இல் எழுதியது. மறு ஆண்டு புக்கர் பரிசு பெற்றது. படத்தில் எங்கள் ஊர் சற்று நேரமே வந்து போகிறது. நாவலில் அது உட்கார்ந்து பேசுகிறது.

காலையில் பஸ் பிடித்து வாருங்கள். முதலில் தாவரவியல் பூங்கா. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்தது. கதைப்படி, பின்னால் புலியோடு படகில் தவிக்கப்போகும் சிறுவன் ‘பை’யின் அப்பா விலங்குக்காட்சிசாலை நடத்தியது இதற்குள்தான். பேத்தி நுழைந்ததும் புலிக்கூண்டைத் தேடுவாள். கூண்டும் கிடையாது, புலியும் கிடையாது. விலங்குக்காட்சிசாலையைப் படமாக்கத் தைவான் தலைநகர் தைப்பேயில் உள்ள நிஜ விலங்குக்காட்சிசாலைக்குப் போய்விட்டார்கள். புலியோ பெரும்பாலும் கணினியில் பிறந்தது. சில காட்சிகளில் மட்டும் உண்மைப் புலி. இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். பெரிய மரம் ஒன்றின் அடியில் அமர்ந்து நாவலின் முதல் பகுதியைப் புரட்டட்டும். யானை எங்கே நின்றிருக்கும், ஒட்டகச்சிவிங்கிக்கு எந்தப் பக்கம் இடம் போதும் என்று அவளே தீர்மானிக்கட்டும். கைப்பேசியில் படத்தின் காட்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு, அதே மூலையில் நின்று புகைப்படம் எடுக்க அலைகிறவர்களைப் பார்க்கிறேன். பாவமாக இருக்கிறது. இங்கே ஒரு மணி நேரம் இருங்கள், முழங்காலுக்கும் நல்லது.

பிறகு அண்ணா சாலையைக் கடந்து நேரு வீதி. நாவலின் முன்னுரைப்படி, எழுத்தாளருக்கு இந்தக் கதையின் நுனி கிடைப்பது இந்த வீதியின் இந்தியன் காபி ஹவுஸில், ஒரு முதியவர் வாயிலாக. வீதியில் எங்கே காபி குடித்தாலும் முதியவர் ஒருவர் பேச்சுக்கொடுப்பார். நாவலின் முதியவர் சொன்னதுபோல, கடவுளை நம்ப வைக்கும் கதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். அநேகமாக மின்கட்டணத்தைப் பற்றித்தான் இருக்கும். பெரிய மார்க்கெட்டில் பூக்கடைப் பக்கம் மட்டும் ஒரு சுற்று போதும். மீன் பக்கம் தரை வழுக்கும். பெரிய வாய்க்காலைத் தாண்டினால் பிரெஞ்சு வீதிகள், அப்புறம் கடற்கரை. மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வாகனம் வராது. அதுவரை பாரதி பூங்காவில் உட்காரலாம்.

மீதி இரண்டு இடங்களுக்கு நடக்க வேண்டாம். முத்தியால்பேட்டை ஜெபமாலை அன்னை ஆலயத்துக்கு ஆட்டோவில் போங்கள். 2011 ஜனவரி 18ஆம் தேதி படப்பிடிப்பு தொடங்கியது அங்கேதான். நான் முத்தியால்பேட்டைக்காரன், ஆகவே இதை இரண்டு முறை சொல்லவும் தயார். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயிலை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தேருக்கு ஆளுநர் வடம்பிடிக்கும் வழக்கம் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்தே வருகிறது. தேர்த் திருவிழாவை ஒட்டி வந்தால் படத்தையே மறந்துவிடுவாள்.

கேள்வி: படகில் பையனும் புலியும் தவிக்கும் கடல், புதுச்சேரிக் கடல்தான் என்று நண்பர் பந்தயம் கட்டுகிறார். உண்மையா?
– வாசகர், ரெட்டிச்சாவடி

பதில்: பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தைவானில், தைச்சுங் நகரில் பயன்பாட்டில் இல்லாத விமான நிலையம் ஒன்றில் 75 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் தொட்டி கட்டி, அலை எழுப்பி எடுத்தார்கள். வானமும் தொடுவானமும் பின்னர் கணினியில் சேர்த்தவை. கதைப்படியும் கப்பல் மூழ்குவது பசிபிக் பெருங்கடலில். நம் வங்கக்கடல் இந்தப் பழிக்கு ஆளாக வேண்டியதில்லை.

கேள்வி: தைவான்காரர் ஆங் லீ இயக்கிய ஆங்கிலப் படத்துக்கு நாம் ஏன் இப்படிக் கொண்டாட்டம் போட வேண்டும்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நான்கு ஆஸ்கர் வாங்கிய படம் தமிழ்த் தாலாட்டோடு தொடங்குகிறது ஐயா. பாடியவர் பம்பாய் ஜெயஸ்ரீ. அந்தப் பாட்டு ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. எனக்கு இந்தக் காரணமே போதும். போதாது என்றால் உங்கள் ஊர்ப் பாடலீஸ்வரரைப் பாருங்கள். புலிக்கால் கொண்ட வியாக்ரபாதர் வழிபட்ட தலம் என்று புராணம் சொல்கிறது. பாதி மனிதர், பாதி புலி; கணினி உதவியே இல்லை. மஞ்சக்குப்பத்துப் பாட்டியும் பேத்தியும் இந்தப் பக்கத்தைப் படித்தால், புதுச்சேரிக்கு பஸ் ஏறும் முன் அங்கேதான் முதலில் போக வேண்டும். கோயில் நடுப்பகலில் மூடியிருக்கும்; காலையிலேயே போய்விடுங்கள்.